மூணாறு முதல் பாலக்காடு வரை: மியூசியம் டச் ஸ்கிரீனில் பழைய படங்களைச் சேர்ப்பது எப்படி?

மூணாறு நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தால், கருங்கல் மேல் அமைந்த ஒரு சூரியக் கடிகாரத்தைப் பார்த்திருப்பீர்கள். அது 1913-ல் செய்யப்பட்டது. செய்தது, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் நாசரேத்தின் கலைத்தொழிற் பள்ளி. அதாவது, ஒரு கல்லுக்கு ஊர், ஆண்டு, செய்தவர் என எல்லா விவரமும் இருக்கிறது.

இப்போது, தேயிலைத் தோட்டங்களின் பழைய புகைப்படங்களை நினைத்துப் பாருங்கள். கூடையோடு வரிசையாக நிற்கும் பெண்கள், ஓரத்தில் தடியோடு கங்காணி, நடுவில் நாற்காலியில் துரை. துரையின் பெயர் மட்டும் படத்துக்குக் கீழே இருக்கும். மற்றவர்கள் எல்லாம் சேர்த்து ‘கூலிகள்’. மூணாறு, இலங்கை, அசாம் என்று எங்கே தேடினாலும் காலனிய காலப் படங்களில் பெரும்பாலும் இதே கதைதான்.

இந்தப் படங்கள் இப்போது டச் ஸ்கிரீனுக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தில் தொடுதிரைகளும் அனிமேஷன்களும் காட்சியின் ஒரு பகுதியாகவே இருக்கின்றன. சின்ன அருங்காட்சியகங்களும், பள்ளிகளும், நினைவகங்களும் ‘எங்களுக்கும் ஒரு ஸ்கிரீன் செய்து கொடுங்க’ என்று கேட்டால், அந்த வேலை வந்து சேருவது உங்களைப் போன்ற டிசைனர்களிடமும் டெவலப்பர்களிடமும்தான்.

சாஃப்ட்வேரில் படத்தை இழுத்துப் போடுவது இரண்டு நொடி வேலை. அந்தப் படம் எப்படித் தெரிய வேண்டும், யாருக்குச் சொந்தம், அதில் இருப்பவர் யார் என்பதுதான் மீதி வேலை. அதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்தக் கதையை எடுத்துக்கொள்ளலாம்?

கேரள–தமிழ்நாடு எல்லையில் இதற்குத் தோதான இரண்டு கதைகள் இருக்கின்றன. இரண்டுமே இன்று இல்லாத ரயில்கள்.

முதலாவது இடுக்கியின் குண்டளை பள்ளத்தாக்கு ரயில். 1902-ல் மோனோ ரயிலாகத் தொடங்கி, 1908-ல் இரண்டடி அகல குறுகிய ரயில் பாதையாக மாறியது. தேயிலைப் பெட்டிகள் மூணாறில் இருந்து டாப் ஸ்டேஷனுக்கு ரயிலில் போகும். அங்கிருந்து ரோப்வேயில் சுமார் 5 கிலோமீட்டர் கீழே, தமிழ்நாட்டின் கொட்டகுடிக்கு இறங்கும். அப்புறம் மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர். ‘டாப் ஸ்டேஷன்’ என்ற பெயரே அந்த ரோப்வேயின் மேல்முனை என்பதால் வந்ததுதான். 1924 பெருவெள்ளம் இந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. கொல்லம் ஆண்டு 1099-ல் வந்ததால் கேரளத்தில் இன்றும் அதை ‘99 வெள்ளம்’ என்றுதான் சொல்கிறார்கள். அந்த ரயில் எஞ்சினின் சக்கரம் ஒன்று தேயிலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரண்டாவது, பாலக்காடு மாவட்டம் பரம்பிக்குளத்துக்கும் சாலக்குடிக்கும் இடையே 1907 முதல் 1963 வரை இருந்த கொச்சி அரசு வன டிராம்வே. காட்டு மரங்களை வெளியே கொண்டுவரப் போட்ட பாதை அது. இன்று பரம்பிக்குளத்துக்குச் சாலையில் போக வேண்டுமென்றால், கேரளத்தில் இருக்கும் அந்த இடத்துக்குப் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாடு வழியாகத்தான் போக வேண்டும்.

இந்த இரண்டு பாதைகளையும் ஒரு தொடுதிரை வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஊரைத் தொட்டால் பழைய படம் விரிய வேண்டும். விரலால் இழுத்தால் பெரிதாக வேண்டும். இதை எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஸ்கேன்: எத்தனை டிபிஐ போதும்?

‘300 டிபிஐ-ல எடுத்தாச்சு, போதும்ல?’ இந்தக் கேள்வி எல்லா மீட்டிங்கிலும் வரும். அச்சுக்கு அது சரி. திரைக்கு டிபிஐ எண்ணிக்கையில் அர்த்தம் இல்லை. மொத்தம் எத்தனை பிக்சல் என்பதுதான் கணக்கு.

ஒரு 4கே திரையின் அளவு 3840 × 2160 பிக்சல். உங்களிடம் இருப்பது 4 × 6 அங்குல நிற்கும் வாக்கிலான படம் என்றால்:

• 300 டிபிஐ: 1200 × 1800 பிக்சல். திரையின் உயரத்தையே நிரப்பாது.
• 600 டிபிஐ: 2400 × 3600 பிக்சல். முழு உயரத்துக்குக் காட்டலாம், கொஞ்சம் பெரிதாக்கவும் இடம் இருக்கும்.
• 1200 டிபிஐ: 4800 × 7200 பிக்சல். மூன்று மடங்கு பெரிதாக்கினாலும் தாங்கும்.

ஒரு குழுப் படத்தில் மூன்றாவது வரிசையில் நிற்பவரின் முகத்தைப் பார்க்கத்தான் ஜூம் வசதியே. ஆகவே ஆட்கள் இருக்கும் படங்களை 1200-ல் எடுப்பது நல்லது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மூலப் படமே மங்கலாக இருந்தால் டிபிஐ-யை ஏற்றி லாபம் இல்லை, ஃபைல்தான் பெருக்கும்.

ஸ்கேன் செய்ததும் ஒரு மாஸ்டர் காப்பியை டிஃப் ஃபார்மேட்டில் தனியாக எடுத்து வையுங்கள். அதில் கை வைக்கவே கூடாது. கிராப், கலர், கான்ட்ராஸ்ட் எல்லாம் நகலில் மட்டும். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய மறக்காதீர்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, பென்சிலில் எழுதிய பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

டிசைன் சாஃப்ட்வேருக்குள் என்ன செய்ய வேண்டும்?

ஃபோட்டோஷாப், ஃபிக்மா, அஃபினிட்டி, இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப், இங்க்ஸ்கேப் என எதில் செய்தாலும் அடிப்படை ஒன்றுதான்.

1. ஃப்ரேமுக்குள் படத்தை வையுங்கள். படத்தை நேரடியாக வெட்டாமல், ஒரு சட்டத்தை வரைந்து அதற்குள் படத்தை நிரப்புங்கள். ஃபிக்மாவில் இதற்கு ஃபில், ஃபிட், கிராப் என்று தனித்தனி முறைகள் உண்டு. ‘ஃபில்’ சட்டத்தை நிரப்புவதற்காக ஓரத்தை மறைத்துவிடும். குழுப் படத்தில் ஓரத்தில் நிற்பவர் காணாமல் போவது இப்படித்தான். ஆட்கள் இருக்கும் படங்களுக்கு ‘ஃபிட்’ போடுங்கள், பக்கத்தில் காலி இடம் வந்தால் வரட்டும்.

2. கலர் புரொஃபைலைப் பாருங்கள். அச்சுக்காகச் செய்த சிஎம்ஒய்கே ஃபைலை அப்படியே திரையில் போட்டால் நிறம் மாறித் தெரியலாம். திரைக்கு எஸ்ஆர்ஜிபி-க்கு மாற்றிவிட்டுச் சேருங்கள்.

3. படத்துக்கு ஏற்ற ஃபார்மேட். புகைப்படத்துக்கு ஜேபெக் அல்லது வெப்பி. கோட்டோவியத்துக்கு பிஎன்ஜி அல்லது எஸ்விஜி. பாலக்காடு தஸ்ராக்கில் நினைவகம் கொண்டிருக்கும் ஓ.வி.விஜயன் நாவலாசிரியர் மட்டுமல்ல, கார்ட்டூனிஸ்டும்கூட. அப்படியொருவரின் மைக்கோட்டை ஜேபெக்கில் அதிகம் சுருக்கினால், கோட்டைச் சுற்றிப் புகை படிந்த மாதிரி அழுக்கு தெரியும்.

4. நினைவகத்தைக் கணக்குப் போடுங்கள். 4800 × 7200 பிக்சல் படம் ஜேபெக்காக ஹார்டு டிஸ்கில் சில எம்பி-தான் இருக்கும். ஆனால் திரைக்கு வரும்போது கணினி அதை விரித்து வைக்கும். ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்றால் சுமார் 138 எம்பி. இப்படிப் பத்துப் படம் ஒன்றாகத் திறந்தால் 1.3 ஜிபி-க்கு மேல். ‘காலையில நல்லா ஓடுது, மதியம் தொங்குது’ என்ற புகாருக்குப் பல இடங்களில் இதுதான் காரணம்.

இதற்குத் தீர்வு, படத்தைச் சின்னச் சின்ன ஓடுகளாகப் பிரித்து, பார்வையாளர் பெரிதாக்கும் பகுதியை மட்டும் ஏற்றுவது. ஆன்லைன் மேப் வேலை செய்வதும் இப்படித்தான். ஓப்பன்சீட்ராகன் என்ற ஓப்பன் சோர்ஸ் கருவி இதை இலவசமாகச் செய்கிறது.

5. எல்லாவற்றையும் லோக்கலாக வையுங்கள். மலையில் மழைக்காலத்தில் நெட்வொர்க்கும் கரன்ட்டும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. படங்கள் கிளவுடில் இருந்து வந்தால் அன்றைக்குத் திரை காலிதான். கரன்ட் வந்ததும் யாரும் பட்டனைத் தட்டாமலே தானாகத் தொடங்கும்படியும் செட் செய்யுங்கள்.

6. விரலுக்கு இடம் கொடுங்கள். தொடும் பட்டன் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் சதுரம் இருக்கட்டும், பொது இடத்தில் இரண்டு சென்டிமீட்டர் என்றால் இன்னும் வசதி. 43 அங்குல 4கே திரையில் ஒரு அங்குலத்துக்குச் சுமார் 102 பிக்சல். அதாவது ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய 40 பிக்சல். லேப்டாப்பில் பெரிதாகத் தெரிந்த பட்டன் அங்கே குட்டியாகிவிடலாம். முக்கியமான பட்டன்களைத் திரையின் கீழ்ப்பாதியில் வைத்தால் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் குழந்தைகளுக்கும் எட்டும்.

தமிழ் எழுத்து ஏன் உடைகிறது?

மூணாறில் ஒரு திரை வைத்தால் மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். தேவிகுளம் வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவை தமிழ்க் குடும்பங்கள். பாலக்காட்டில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கமும் தமிழ் பேசுவோர் கணிசம். தமிழும் கன்னடமும் பேசும் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியிலேயே தொடர்புகொள்ள 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. ஆக, தமிழ் என்பது இங்கே டூரிஸ்டுக்காகச் சேர்க்கும் கூடுதல் வசதி அல்ல. படத்தில் இருப்பவர்களின் மொழி அது.

ஆனால் டிசைன் சாஃப்ட்வேரில் தமிழ் சுலபமாக உடையும். ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். ஃபோட்டோஷாப் என்றால் டைப் செட்டிங்ஸில் ‘வேர்ல்டு ரெடி’ லேஅவுட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யூனிட்டியில் வழக்கமாகப் பயன்படுத்தும் டெக்ஸ்ட் கருவி தமிழை நேரடியாகச் சரியாகக் காட்டாது. அதை முன்பே தெரிந்துகொண்டு மாற்று வழி பார்க்க வேண்டும்.

சோதிக்க ஒரு சின்ன வழி இருக்கிறது. ‘கொழுந்து, பெட்டிமுடி, தேவிகுளம், கௌரவம், லயம்’ என்று அடித்துப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இரண்டு பக்கமும் வரும் குறிகள் எல்லாம் இதிலேயே வந்துவிடும். இது சரியாக வந்தால் பெரும்பாலும் மற்றதும் சரியாக வரும்.

சிலர் சிரமத்தைத் தவிர்க்க, தமிழ் வரிகளைப் படத்தோடு சேர்த்தே ஒட்டி ஒரே ஜேபெக்காக ஏற்றிவிடுவார்கள். வேண்டாம். அப்புறம் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டுமென்றாலும் டிசைனரைத்தான் தேட வேண்டும். பார்வையற்றவர்களுக்கான ஸ்கிரீன் ரீடராலும் அதை வாசிக்க முடியாது. எழுத்து, யூனிகோடில், தனி அடுக்காக இருக்கட்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துரு போதும். ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த பெட்டியில் தமிழ் அடங்காது என்பதால் முதலிலேயே தமிழை வைத்து லேஅவுட் போடுங்கள்.

படம் யாருக்குச் சொந்தம்?

இது பலரும் தாண்டிப் போகும் இடம். 1957-ம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி:

• புகைப்படத்துக்கான உரிமை, 2012 திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவரின் வாழ்நாள், அதன்பிறகு 60 ஆண்டுகள்.
• ஓவியம், கார்ட்டூனுக்கு வரைந்தவரின் வாழ்நாள், அதன்பிறகு 60 ஆண்டுகள். ஓ.வி.விஜயன் இறந்தது 2005-ல். எனவே அவர் கோடுகளுக்கு 2065 முடியும்வரை உரிமை உண்டு.
• நிறுவன ஊழியர் வேலையின் பகுதியாக எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், நிறுவனம்தான் முதல் உரிமையாளர்.
• காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், காசு கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர்.

கடைசி விதியைத் திரும்பப் படியுங்கள். கல்யாணத்துக்கோ, காதுகுத்துக்கோ ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு தொழிலாளி குடும்பம் காசு கொடுத்து எடுத்துக்கொண்ட படம், சட்டப்படியே அந்தக் குடும்பத்துடையது.

ஆக, ஒரு தோட்டத்துக்கு இரண்டு ஆவணக் களஞ்சியங்கள் இருக்கின்றன. ஒன்று, அலுவலக ஆல்பம். அதில் தேதி, ஃபேக்டரி, மெஷின் விவரம் இருக்கும், ஆட்களின் பெயர் இருக்காது. இன்னொன்று, லயத்து வீட்டின் டிரங்குப் பெட்டி. அதில் தேதி இருக்காது. ஆனால் ‘இது பெரியம்மா, இது எங்க அப்பாவோட முதலாளி வீட்டு டிரைவர்’ என்று சொல்ல ஆள் இருக்கும். இரண்டையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வரலாறு முழுசாகும்.

இப்படிப்பட்ட முயற்சிக்கு முன்னுதாரணமும் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அழியும் நிலையில் உள்ள ஆவணங்களுக்கான பிரிட்டிஷ் நூலகத்தின் திட்ட உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடி டிஜிட்டல் செய்திருக்கிறது.

அவசரம் ஏன் என்பதற்கு ஒரே ஒரு ஊர்ப் பெயர் போதும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் நடந்த நிலச்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் இறந்தார்கள். அவர்களில் பலரின் பூர்வீகம் கயத்தாறு பகுதி. ஒரு லயம் போகும்போது அங்கே வாழ்ந்தவர்களோடு, அவர்களின் படங்களும், அந்தப் படங்களில் இருப்பது யார் என்று சொல்லக்கூடியவர்களும் சேர்ந்தே போகிறார்கள்.

அனுமதி கேட்பது எப்படி?

உரிமை வேறு, அனுமதி வேறு. உரிமைக் காலம் முடிந்த படமாகவே இருந்தாலும், அதில் இருப்பவரின் பேரப்பிள்ளைகள் பக்கத்து எஸ்டேட்டில் இருக்கலாம். கேட்டுவிட்டுப் போடுவதுதான் முறை. முதுவர், காடர், இருளர் போன்ற பழங்குடி மக்களின் படங்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சடங்குகளும் இறந்தவர்களின் படங்களும் யார் வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கக் கூடியவையா என்பதை அந்தச் சமூகம்தான் சொல்ல வேண்டும்.

ஆஸ்திரேலியப் பழங்குடியினரான வாருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவான ‘முகுர்ட்டு’ என்ற இலவச மென்பொருள் இதையே அடிப்படையாக வைத்திருக்கிறது. எந்தப் படத்தை எல்லோரும் பார்க்கலாம், எதைக் குடும்பத்தார் மட்டும் பார்க்கலாம் என்று சமூகமே தீர்மானிக்கலாம். அந்த மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்றில்லை. ஒவ்வொரு படத்துக்கும் ‘பொது, உள்ளூர், வேண்டாம்’ என்று மூன்று வகை வைத்து ஒரு எக்ஸெல் ஷீட் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

ஏஐ வைத்து படத்தைத் தெளிவாக்கலாமா?

தூசி, கீறல் நீக்குவது வரை சரி. மங்கலான முகத்தை ஏஐ ‘தெளிவாக்கும்போது’ அது பழைய முகத்தை மீட்பதில்லை. தான் கற்ற மற்ற முகங்களை வைத்து இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்து ஒரு புது முகத்தை வரைகிறது. மூன்றாவது வரிசையில் நிற்கும் பெண்ணைத் தன் பாட்டி என்று அடையாளம் காண ஒருவர் வருகிறார் என்றால், நீங்கள் காட்டுவது வேறு யாரோ ஒருவரின் மூக்கும் கண்ணும். பெயர்தான் இல்லை, முகமாவது இருந்தது. அதையும் எடுத்துவிடாதீர்கள்.

கறுப்பு-வெள்ளைக்கு வண்ணம் சேர்ப்பதும் இதே மாதிரிதான். சேலை நிறம் ஊகம். செய்தே ஆக வேண்டும் என்று கிளையன்ட் சொல்லிட்டார்னா, மூலப் படத்தை முதலில் காட்டி, வண்ணப் படத்தில் ‘கணினியில் ஊகித்துச் சேர்த்த நிறம்’ என்று படத்தின் மேலேயே எழுதுங்கள்.

படக்குறிப்பில் என்ன எழுத வேண்டும்?

நான்கு வரி போதும்: என்ன, எங்கே, எப்போது, யார். தெரியாததைத் தெரியாது என்றே எழுதலாம். ‘பெயர் தெரியவில்லை. இவரை உங்களுக்குத் தெரியுமா?’ என்று ஒரு பட்டன் வையுங்கள். டச் ஸ்கிரீனால் செய்ய முடிந்த, அச்சுப் பலகையால் செய்ய முடியாத விஷயம் இதுதான். வரும் பதில்களை யாராவது சரிபார்த்த பிறகே திரையில் ஏற்ற வேண்டும்.

மூலப் படக்குறிப்பில் ‘கூலி’ போன்ற சொல் இருந்தால்? அதை அழித்தால் அந்தக் காலம் எப்படிப் பார்த்தது என்ற சாட்சி போய்விடும். அப்படியே விட்டால் நாமும் அதையே சொல்வதாகிவிடும். ‘அக்காலக் குறிப்பு’ என்று பழையதைச் சிறிதாகவும், இன்றைய குறிப்பைப் பெரிதாகவும் போடுங்கள். 2015-ல் போனஸுக்காக மூணாறு டவுனில் உட்கார்ந்த ‘பெண்பிளை ஒருமை’ பெண்களை நாடே பெயர் சொல்லிப் பேசியது. அவர்களின் பாட்டிமார் ‘கூலிகள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இருக்க வேண்டியதில்லை.

இந்த விவரங்களை ஷீட்டில் மட்டும் வைக்காமல், படத்தின் உள்ளேயே ஐபிடிசி மெட்டாடேட்டாவாகவும் பதியுங்கள். எடுத்தவர், விளக்கம், படத்தில் இருப்பவர், உரிமை என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். ஃபோட்டோஷாப்பில் ‘ஃபைல் இன்ஃபோ’வில் இதைச் செய்யலாம். எக்ஸ்போர்ட் செய்யும்போது மெட்டாடேட்டாவை நீக்கும் ஆப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒப்படைக்கும் முன் ஒரு செக்லிஸ்ட்

• கை வைக்காத டிஃப் மாஸ்டர், படத்தின் பின்பக்க ஸ்கேன், இரண்டும் தனி டிரைவில் இருக்கிறதா?
• ஒரு நாள் முழுக்க நிறுத்தாமல் ஓடவிட்டுப் பார்த்தீர்களா?
• இன்டர்நெட்டைத் துண்டித்தும் வேலை செய்கிறதா?
• கரன்ட்டை நிறுத்திப் போட்டால் தானாக எழுகிறதா?
• ஒரு நிமிடம் யாரும் தொடாவிட்டால் முதல் பக்கத்துக்குத் திரும்புகிறதா?
• ஒவ்வொரு படத்துக்கும் உரிமை, அனுமதி இரண்டும் எழுத்தில் இருக்கிறதா?
• தமிழ்க் குறிப்பைத் தமிழ் தெரிந்தவர் நேரடியாகத் திரையில் படித்துப் பார்த்தாரா?
• புதுப் பெயர் ஒன்று தெரியவந்தால், நீங்கள் இல்லாமலே அருங்காட்சியகத்தார் சேர்க்க முடியுமா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். திறப்பு விழாவோடு உங்கள் வேலை முடிந்துவிடும். ஆனால் ஓய்வுபெற்ற ஒரு தோட்டத் தொழிலாளி இரண்டு வருடம் கழித்து வந்து, படத்தில் ஒருவரைக் காட்டிப் பெயர் சொல்லலாம். அன்றைக்கு அங்கே இருக்கும் ஊழியர், பத்து நிமிடத்தில் அந்தப் பெயரைத் திரையில் ஏற்ற முடிய வேண்டும்.